நிக்கான் மோனார்க் எம்5 8×42: தோட்டத்துக்கும் வயல்வெளிக்கும் ஒரே பைனாகுலர்

இலைக்குள் துள்ளிக்கொண்டிருக்கும் கதிர்க்குருவி ஒரு கிளையில் இரண்டு மூன்று நொடிதான் தங்கும். அதற்குள் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோய், பறவையை வட்டத்துக்குள் பிடித்து, ஃபோகஸ் திருப்பி, புருவக்கோடு இருக்கிறதா, கால் என்ன நிறம் என்று பார்த்துவிட வேண்டும். பறவை பார்க்க வாங்கும் எந்தப் பைனாகுலரையும் இந்த வேலையை வைத்துத்தான் எடைபோட வேண்டும். தூரத்து மலைக்கோயில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கடை வாசலில் நின்று பார்ப்பது இதற்கு உதவாது.

நிக்கான் 2021இல் கொண்டுவந்த மோனார்க் எம்5 வரிசையில் 8×42 நடுத்தர விலைக் கருவி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வட்டத்தின் நடுவில் காட்சி துல்லியம், மங்கிய வெளிச்சத்தில் நன்றாகக் காட்டுகிறது, கையில் பாரம் இல்லை, மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு இதைவிட வசதியானது இந்த விலைப் பிரிவில் குறைவு. ஒரே பெரிய குறை, பார்வைப் பரப்பு ஒடுக்கமானது. அந்தக் குறை சிலருக்குத் தெரியவே தெரியாது. சிலருக்கு அதனாலேயே இந்தக் கருவி ஒத்துவராது.

8 என்பது எத்தனை மடங்கு அருகில் காட்டும் என்பது. 42 என்பது முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 24 மீட்டர் தள்ளி நிற்கும் பறவை 3 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கண் வைக்கும் பக்கத்திலிருந்து வெளியே வரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது. நல்ல பகலில் நம் கண்ணின் பாவை 2 முதல் 3 மி.மீ. வரைதான் விரிந்திருக்கும், அதனால் நண்பகலில் 8×25 சின்னக் கருவிகூடப் போதிய வெளிச்சம் தரும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதோ விடியலிலும் அந்தி சாயும் நேரத்திலும். அப்போது பாவை விரிகிறது, 5.25 மி.மீ. ஒளிவட்டம் அதை நிரப்புகிறது. 8×25 தரும் 3.1 மி.மீ. அப்போது போதாது. ஒளிவட்டம் பெரிதாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கண் கொஞ்சம் விலகினாலும் காட்சி கருக்காது. பறவை சட்டென்று பறக்கும்போது கருவியை அவசரமாகத் தூக்குகிறோம், கண் சரியாக நடுவில் உட்காராது. அந்த அவசரத்தை இந்தப் பெரிய ஒளிவட்டம் பொறுத்துக்கொள்கிறது.

10 மடங்குக் கருவியை ஏன் பரிந்துரைக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கை நடுக்கமும் அதே 10 மடங்கு பெரிதாகும். ஃபோகஸில் நிற்கும் ஆழம் குறையும். முன்கிளையில் இருந்த பறவை பின்கிளைக்குப் போனால் மறுபடி சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வட்டமும் இன்னும் ஒடுங்கும். திறந்த நீர்நிலை, கடற்கரை, புல்வெளி என்று தூரத்துப் பறவைகளையே பார்ப்பவர்களுக்கு 10×42 பயன்படும். தோட்டத்துக்கும் மரஞ்செடி நிறைந்த இடங்களுக்கும் 8 போதும். ஏரியில் வெகுதொலைவில் மிதக்கும் வாத்துகளை வகை பிரிக்க வேண்டுமானால் 10 மடங்கும் போதாது. அதற்கு முக்காலியும், அதன்மேல் பொருத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பும்தான் வேண்டும்.

இப்போது அந்தக் குறையைப் பார்ப்போம். எம்5 8×42இன் பார்வைக் கோணம் 6.4 பாகை. 1000 மீட்டரில் 112 மீட்டர் அகலம் தெரியும் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள். யாரும் 1000 மீட்டரில் சிட்டுக்குருவி பார்ப்பதில்லை. 10 மீட்டரில் 1.12 மீட்டர், 5 மீட்டரில் 56 செ.மீ. என்று மாற்றிக்கொண்டால்தான் அது என்னவென்று புரியும். 10 மீட்டரில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி முழுசாக வட்டத்துக்குள் அடங்கும். தொட்டி விளிம்பில் உட்கார்ந்தவை, பக்கத்துச் செடியில் முறை பார்த்துக் காத்திருப்பவை எல்லாம் சேர்ந்து தெரியும். 5 மீட்டரில் புதருக்குள் நகரும் பறவையைப் பின்தொடர்வது சிரமம். இதே நிறுவனத்தின் மோனார்க் எம்7 8×42இல் கோணம் 8.3 பாகை, 1000 மீட்டரில் 145 மீட்டர். அகலத்தில் வித்தியாசம் கொஞ்சம்போலத் தோன்றும். வட்டத்தின் பரப்பாகக் கணக்குப் போட்டால் எம்7 மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாகக் காட்டுகிறது. தகைவிலானும் உழவாரனும் வானத்தில் வளைந்து வளைந்து பறப்பதைப் பின்தொடர ஆசைப்படுபவர்கள் கூடுதல் விலை கொடுத்து எம்7 வாங்குவதே நல்லது. கிளையில் அமர்ந்ததை, நிலத்தில் மேய்வதை, நீரோரத்தில் நடப்பதை நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு எம்5 குறை வைக்காது.

கண்ணாடியின் தரத்தில் எம்5 கொடுத்த காசுக்கு உழைக்கிறது. முன்லென்ஸில் ஈடி கண்ணாடி இருக்கிறது. வெவ்வேறு நிற ஒளிகள் வெவ்வேறு இடத்தில் குவிவதால் வரும் நிறக்கசிவை அது குறைக்கும். வெள்ளை வானத்துக்கு எதிரே நிற்கும் காகத்தின் விளிம்பில் ஊதாக் கோடோ பச்சைக் கோடோ தெரிந்தால் அதுதான் நிறக்கசிவு. எம்5இல் நடுவில் அநேகமாக இல்லை, ஓரத்தில் கொஞ்சம் உண்டு. கண் நடுவில் உட்காரவில்லையென்றால் எந்தக் கருவியிலும் இது கூடும். கருவியைக் குறை சொல்வதற்கு முன் கண்களுக்கு ஏற்றபடி குழல்களின் இடைவெளியைச் சரிசெய்து பாருங்கள். காட்சியை நிமிர்த்திக் காட்டும் கண்ணாடிக்கட்டியான பிரிசத்தில், ஒளி வீணாகாமல் பிரதிபலிக்கச் செய்யும் டயலெக்ட்ரிக் பூச்சும் ஃபேஸ் கரெக்‌ஷன் பூச்சும் இருக்கின்றன. குழல் நேராக இருக்கும் ரூஃப் பிரிசம் வகையில் ஒளி இரண்டாகப் பிரிந்து சேரும்போது நுண்விவரங்கள் மழுங்கும். அதைச் சரிக்கட்டுவது ஃபேஸ் பூச்சு. அது இல்லாத மலிவான ரூஃப் பிரிசம் கருவியை வாங்குவதைவிட, அதே விலையில் பழைய பாணியில் தோள் அகன்ற போரோ பிரிசம் 8×40 வாங்கினால் காட்சி தெளிவாக இருக்கும்.

இந்தத் தெளிவு எங்கே பயன்படும்? நீரோரத்து நாணலில் சின்ன மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வெறும் கண்ணுக்கு அது நீலமும் செம்மஞ்சளும் கலந்த ஒரு புள்ளி. 20 மீட்டரில் எம்5இன் நடுவட்டத்தில் வைத்தால், முதுகு நடுவில் ஓடும் வெளிர்நீலப் பட்டை பளிச்சென்று தனியாகத் தெரியும். கன்னத்துச் செம்மஞ்சளுக்குப் பின்னால் கழுத்தோரத்து வெள்ளைத் திட்டு தெரியும். அலகைப் பாருங்கள். மேலும் கீழும் முழுக்கக் கறுப்பாக இருந்தால் ஆண், கீழ் அலகு செம்மஞ்சளாக இருந்தால் பெண். அந்தக் கீழ் அலகு ஒரு நெல்மணியின் கனம்கூட இல்லாத கோடு. ஒளி பக்கவாட்டிலிருந்து விழும்போது அந்த நிறம் மங்காமல் தெரிகிறது என்பதே இந்த லென்ஸுக்குச் சான்று. உள்ளானிலும் அப்படித்தான். நீரோரத்தில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் உள்ளானின் மார்புக்கும் இறக்கைக்கும் நடுவே வெள்ளை நிறம் ஆப்புபோல மேலேறியிருந்தால் அது சாதாரண உள்ளான். அந்த ஆப்பு இல்லாமல் முதுகில் புள்ளிகள் இருந்தால் வேறு வகையைத் தேட வேண்டும். இதையெல்லாம் வட்டத்தின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரத்துக்குப் போகப் போகக் கொஞ்சம் மென்மையாகிவிடும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கவனிக்க வேண்டிய எண் ஐ ரிலீஃப். கண்லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழு வட்டம் தெரியும் என்ற தூரம் அது. 15 மி.மீ.க்குக் குறைந்தால் மூக்குக்கண்ணாடியோடு பார்க்கும்போது வட்டத்தின் ஓரம் வெட்டுப்படும். எம்5 8×42இல் 19.5 மி.மீ., தாராளம். கண்லென்ஸைச் சுற்றியுள்ள திருகு விளிம்பான ஐகப்பை முழுக்க உள்ளே திருகிவிட்டு மூக்குக்கண்ணாடியை அதன்மேல் சும்மா சாய்த்தால் போதும்.

மூக்குக்கண்ணாடி இல்லாதவர்களுக்கு இதே தாராளம்தான் தொல்லை. ஐகப்பை உள்ளேயே விட்டுவிட்டுப் பார்த்தால் கண் அளவுக்கு மீறி நெருங்கிவிடும், காட்சியில் கறுப்புப் பிறைகள் வந்து வந்து போகும். "பைனாகுலர் சரியில்லை, கறுப்பாகத் தெரிகிறது" என்பவர்களில் பெரும்பாலோர் ஐகப்பைத் திருகி வெளியே இழுக்காதவர்கள். படிப்படியாக நிற்கும் அமைப்பு இது. கடைசிப் படிவரை இழுங்கள். அப்போதும் பிறை வந்தால் ஐகப்பைக் கண்குழிக்குள் அழுத்தாமல் புருவ எலும்பின் அடிவிளிம்பில் சாய்த்து வையுங்கள். போய்விடும்.

இரு குழல்களுக்கும் இடையே உள்ள தூரத்தை 56 முதல் 72 மி.மீ. வரை மாற்றலாம். குழந்தைகள் பலருக்கும், முகம் குறுகலான பெரியவர்கள் சிலருக்கும் கண்பாவைகளுக்கு இடைப்பட்ட தூரம் 56ஐவிடக் குறைவு. அவர்கள் எவ்வளவு மடக்கினாலும் இரண்டு வட்டங்கள் ஒன்றாகச் சேராது. இது பழகினால் சரியாகிவிடும் விஷயம் இல்லை, அவர்களுக்கு இது பொருந்தாத கருவி. இன்னும் நெருக்கமாக மடங்கும் சிறிய கருவிதான் வாங்க வேண்டும்.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை டயாப்டர் சரிசெய்தல். நம் இரு கண்களின் பார்வையும் அச்சுப்போல ஒன்றாக இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தை வலது கண்லென்ஸில் உள்ள வளையம் ஈடுகட்டும். 20, 30 மீட்டரில் நுணுக்கமான விவரம் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: வானத்துக்கு எதிரே தெரியும் சுள்ளி நுனிகள், பலகையில் உள்ள சிறிய எழுத்து. வலது முன்லென்ஸை உள்ளங்கையால் மறையுங்கள். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும்; ஒரு கண்ணை இறுக்கி மூடினால் மற்ற கண்ணும் சேர்ந்து சுருங்கி அளவு பிசகும். நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடது முன்லென்ஸை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் பாருங்கள். ஒரு நிமிடம் கண்ணை ஓய்வில் விட்டு இன்னொரு முறை இதையே செய்து, வளையம் அதே இடத்துக்கு வருகிறதா என்று சரிபாருங்கள். வந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்டால் குண்டூசித் தலை அளவு ஒரு புள்ளி வைத்துவிடலாம். பையிலிருந்து எடுக்கும்போது வளையம் நகர்வது உண்டு. புள்ளி இருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அரைமணி நேரம் பார்த்ததும் தலைவலி வருகிறது என்றால் முதலில் இந்த வளையத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஃபோகஸ் பிடிக்கும் மிகக் குறைந்த தூரம் 2.5 மீட்டர். வண்ணத்துப்பூச்சி, தட்டான் பார்ப்பவர்களுக்கு இது சற்று அதிகம். இந்தப் பிரிவிலேயே 1.5 மீட்டர்வரை பிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. பறவைகளுக்கு இது போதும் என்றாலும் தீனித்தட்டு வைக்கும் இடத்தை முடிவுசெய்யும்போது இந்த எண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். சன்னல் கண்ணாடியில் பறவைகள் மோதிச் சாவதைத் தவிர்க்க, தீனித்தட்டை ஒன்று சன்னலுக்கு 1 மீட்டருக்குள் வைக்க வேண்டும், அல்லது 10 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். 1 மீட்டருக்குள் இருந்து மிரண்டு எழும்பும் பறவைக்கு வேகம் எடுக்க இடம் இல்லை, மோதினாலும் அடி பலமாக இருக்காது. 10 மீட்டருக்கு அப்பால் இருந்தால் சன்னல் அதன் தப்பிக்கும் பாதையில் வருவது குறைவு. இடைப்பட்ட 3, 4 மீட்டர்தான் ஆபத்தான தூரம். நம் கண்ணுக்கு வசதி என்று பலர் வைப்பதும் அங்கேதான். எம்5 வைத்திருப்பவர்கள் 10 மீட்டருக்கே போய்விடலாம். தட்டு முழுவதும் வட்டத்தில் அடங்கும், பறவைகளும் நம் அசைவுக்கு மிரளாது. மூடிய சன்னல் வழியாகப் பார்க்காதீர்கள். வீட்டுக் கண்ணாடி சீரான தடிமனில் இருப்பதில்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாத நெளிவு 8 மடங்கில் குழப்பமாகத் தெரியும். திறக்க முடியாத சன்னல் என்றால் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாகப் பாருங்கள். சாய்த்துப் பார்த்தால் மங்கல் கூடும்.

எடை 630 கிராம். கையில் ஒன்றும் தெரியாது. நாலு மணி நேர நடையில் பின்கழுத்துக்குத் தெரியும். வார் வயிறுவரை தொங்கினால் ஒவ்வொரு அடிக்கும் ஊசலாடி விலாவில் இடிக்கும், நெஞ்சுயரத்தில் நிற்குமாறு சுருக்குங்கள். அதைவிட நல்லது, இரு தோள்களிலும் பாரத்தைப் பகிரும் ஹார்னெஸ் வார்.

ஒடுக்கமான வட்டத்தில் பறவையைப் பிடிப்பது பழக்கத்தில் வருவது. பறவையைக் கண்டதும் கண்ணை அதிலிருந்து எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலோர் கருவியைக் குனிந்து பார்த்து எடுத்துவிட்டு, அதற்குள்ளே பறவையைத் தேடுகிறார்கள். 6.4 பாகையில் அப்படித் தேடினால் கிடைக்காது. நடக்கும்போதே ஃபோகஸை அந்த இடத்தின் வழக்கமான தூரத்தில், புதர்வெளியில் 10 மீட்டர், வயலில் 30 மீட்டர் என்று நிறுத்தி வையுங்கள். பறவை வந்ததும் சக்கரத்தை ஒரு விரல் நகர்த்தினால் போதும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். தொப்பி போட்டிருந்தால் கட்டைவிரல்களால் கருவியையும் மற்ற விரல்களால் தொப்பி நுனியையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், நடுக்கம் குறையும். வானத்தில் வட்டமிடும் பருந்தைப் பின்தொடரும்போது சூரியன் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு கணம் சூரியன் வட்டத்துக்குள் வந்தாலும் விழித்திரை கருகிவிடக்கூடும், அது திரும்பச் சரியாகாத சேதம்.

உள்ளே நைட்ரஜன் அடைத்திருப்பதால் குளிரூட்டிய அறையிலிருந்து வெக்கைக்கு வந்தாலும் உட்பக்கம் பனிக்காது. வெளிப்பக்கம் பனிக்கும், தானாகத் தெளியும்வரை பொறுங்கள், துடைக்கத் தேவையில்லை. 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 10 நிமிடம் தாங்கும். மழைக்குப் பயப்பட வேண்டாம். ஈரத்தோடு உறையில் போட்டு மூடி வைப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். புழுக்கமான இடங்களில் லென்ஸ் மேல் பூஞ்சை பிடிக்கும், அது பூச்சை அரித்துவிடும். காற்றாட உலர்த்திவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

லென்ஸில் கீறல் விழுவது அநேகமாகச் சட்டை நுனியால்தான். மண்துகள் மேலே இருக்கும்போதே துடைத்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரி. முதலில் ரப்பர் ஊதியால் துகளை ஊதித் தள்ளுங்கள், ஒட்டியிருப்பதை மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். விரல்ரேகைக் கறை மட்டும் மிஞ்சியிருந்தால் மைக்ரோஃபைபர் துணியில் லென்ஸ் திரவம் ஓரிரு சொட்டு விட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைக்கலாம். திரவத்தை நேராக லென்ஸில் தெளிக்கக் கூடாது. கடற்கரைக்குப் போய்வந்தால் உப்புப் படிவை ஈரத்துணியால் உடலிலிருந்து துடைத்தெடுத்துவிட்டு அப்புறம் லென்ஸுக்கு வாருங்கள்.

எவ்வளவு நல்ல வரிசையானாலும் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகச் சோதித்தே வாங்க வேண்டும். வழியில் ஒருமுறை கீழே விழுந்த பெட்டி வெளியே அழகாகத்தான் இருக்கும். தூரத்து மின்கம்பியையோ கூரை விளிம்பையோ ஃபோகஸ் செய்து, கருவியைக் கண்ணிலிருந்து மெல்ல 10, 15 செ.மீ. விலக்குங்கள். இரு வட்டங்களிலும் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் தொடர வேண்டும். ஒன்றில் மேலே, மற்றதில் கீழே என்று படி விழுந்தால் குழல்கள் நேர்கோட்டில் இல்லை. அதைக் கண் சமாளிக்கப் பார்க்கும், அந்தச் சமாளிப்பே கண்வலியாகும். கையை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தால் கண்லென்ஸில் இரண்டு ஒளிவட்டங்கள் தெரியும். இரண்டும் முழு வட்டமாக, ஓரம் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். ஃபோகஸ் சக்கரத்தை ஒருமுறை கிட்டத்திலிருந்து தூரத்துக்கும், ஒருமுறை தூரத்திலிருந்து கிட்டத்துக்கும் கொண்டுவந்து பாருங்கள். ஒரு திசையில் இரு கண்ணும் ஒத்துப்போய், மறு திசையில் ஒரு கண் மட்டும் பின்தங்கினால் உள்ளே ஆட்டம் இருக்கிறது.

கடையில் செய்ய முடியாத சோதனை ஒன்று உண்டு. இரவில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை வட்டத்தின் நடுவில் வைத்து, ஒரு குழலை மறைத்து மறு குழலில், பிறகு மாற்றி என்று பாருங்கள். ஃபோகஸ் பிடித்ததும் நட்சத்திரம் ஊசிமுனைப் புள்ளியாக வேண்டும். சுற்றிலும் மெல்லிய கதிர்கள் தெரிவது ரூஃப் பிரிசத்தில் சகஜம். நம் கண்ணின் குறையாலும் வரலாம். கருவியை அசைக்காமல் தலையை மட்டும் சாய்த்துப் பாருங்கள்: கதிர்கள் தலையோடு சேர்ந்து சுழன்றால் கண், சுழலாமல் நின்றால் கருவி. இடதில் புள்ளியாகவும் வலதில் வால் முளைத்த வெள்ளரி விதைபோலவும் தெரிந்து, அந்த வால் தலையோடு சுழலவில்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வேறு கருவி கேட்டு வாங்கிவிடுங்கள்.